கிளிநொச்சியிலிருந்து ஒருநாள் "பழைய இடங்கள்" பயணம்: பூநகரிக்காகவே போகலாம், முல்லைத்தீவை நம்பிப் போகாதீர்கள்

அக்காவின் மகனுக்குப் பாடசாலையில் ஓர் ஒப்படை கொடுத்திருந்தார்கள். எமது பிரதேசத்தின் வரலாற்றுச் சின்னங்கள் என்று தலைப்பு. அவன் யாழ்ப்பாணக் கோட்டையையும் நல்லூரையும் எழுதி முடித்துவிட்டு, "மாமா, எங்கட பக்கம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இரண்டு நாள் எனக்கு மண்டைக்குள் நின்றது. வன்னியில் பிறந்து வன்னியில் படிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்கிறான் என்றால், பெரியவர்கள் நாங்கள் யாரும் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவில்லை என்றுதான் அர்த்தம். அதனால்தான் இந்தப் பயணத்தைப் பதிவு செய்தேன்.

கிளிநொச்சியில் சின்னதாக வாகனம் வாடகைக்கு விடும் ஓர் இடம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளுக்காகத் தொடங்கினார்களாம், இப்போது உள்ளூர்க்காரரையும் ஏற்றுகிறார்கள். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறைகளையும் எழுதப் போகிறேன், நாலைந்து பேரின் பிழைப்பு அது. டொல்பின் வான், ஏசி வேலை செய்தது, வாகனத்துக்கு மொத்தமாக 24,000 ரூபா, எண்ணெயும் சாரதியும் அதற்குள், சாப்பாடு எங்கள் செலவு. அக்கா, அத்தான், மருமகன், நான் என்று நாலு பேர் போனோம். காலை ஆறு மணிக்கு வருகிறோம் என்றார்கள், ஐந்து ஐம்பதுக்கே படலையடியில் ஹோர்ன் கேட்டது.

அவர்கள் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் எட்டு இடங்கள் இருந்தன: பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, பூநகரிக் கோட்டை, இரணைமடு, முறிகண்டி, ஒட்டுசுட்டான், கற்சிலைமடு, வற்றாப்பளை, முல்லைத்தீவு ஒல்லாந்தர் கோட்டை. எட்டும் ஒரே நாளில். இதைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது, பிறகு அது சரியாகத்தான் போனது.

பரந்தனில் வானை விட்டு இறங்கவில்லை. ஒரு காலத்தில் குளோரீனும் எரிசோடாவும் நாட்டுக்கே இங்கிருந்துதான் போனது, எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் நிமிர்ந்தவை, என்று சாரதி அண்ணை வேகத்தைக் குறைத்துச் சொன்னார். அவ்வளவுதான். அதை ஓர் "இடம்" என்று கணக்குப் போட்டிருக்கத் தேவையில்லை.

பூநகரிதான் இந்தப் பயணத்தின் உயிர். இதற்கு எத்தனை நட்சத்திரம் கொடுக்கலாம் என்று கேட்டால் முழுவதையும் கொடுப்பேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணக் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு போனால் பூநகரிக் கோட்டை உங்களுக்கு ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும். சின்னது. ஒரு பக்கம் ஏறக்குறைய 30 மீற்றர்தான் வரும், நாலு பக்கமும் அதே அளவு. நானே எத்தனையோ தடவை அந்த வீதியால் போயிருக்கிறேன், ஒரு நாளும் நின்றதில்லை. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணம் போகிற அவசரத்தில் பூநகரியை எல்லோரும் தாண்டித்தான் போகிறோம். பாலத்துக்கு முந்திய காலத்தில் பாதைக்கு (ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடல்நீரைக் கடக்கும் மிதவைக்கு) காத்துக் கிடந்தவர்களுக்காவது இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க நேரம் கிடைத்திருக்கும்.

அண்ணை அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், அறுபதை நெருங்குகிற வயது. வான் நின்றதும் அவர் விளக்கம் ஒன்றும் தொடங்கவில்லை. மருமகனைக் கூப்பிட்டு, மதிலைத் தொட்டுப் பார் தம்பி என்றார். தொட்டான். முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். தேன்கூடுபோல நெருக்கமான குழிகள், சிலவற்றுக்குள் சின்ன விரலின் நுனி அப்படியே உள்ளே போகிறது. கடலுக்குள் உயிரோடு இருந்த பொருள் இது, வெட்டியெடுத்துக் காயவைத்து அடுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, இரண்டு கல்லுக்கும் இடையிலிருந்த சாந்தை நகத்தால் காட்டினார். வெள்ளைச் சுண்ணாம்புக்குள் ஒரு சிப்பித் துண்டு, அரிசிமணி அளவு, வெயில் பட்டதும் பளிச்சென்றது. முருகைக்கல்லையும் சிப்பியையும் சுட்டுத்தான் அந்தக் காலத்தில் சுண்ணாம்பு எடுப்பார்கள், சரியாக வேகாத துண்டு இப்படிச் சாந்துக்குள் கிடந்துவிடும். மருமகன் அதற்குப் பிறகு மதில் முழுவதும் சிப்பி தேடிக்கொண்டு போனான். பதினேழு கண்டுபிடித்தான். ஒன்றையும் பெயர்த்து எடுக்கக் கூடாது என்று அண்ணை முதலே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகுதான் கட்டடத்தின் அமைப்புக்கு வந்தார். சதுரக் கோட்டை, ஆனால் கொத்தளம் இரண்டே இரண்டு, அவையும் எதிரெதிர் மூலைகளில். ஏன் நாலு மூலையிலும் கட்டவில்லை என்று மருமகனைக் கேட்டார். காசில்லையா என்றான். இல்லை, ஒரு மூலையில் போய் நின்று பார் என்று அனுப்பினார். கொத்தளம் மதிலைவிட வெளியே தள்ளி நிற்பதால், அங்கே நிற்பவனுக்கு அந்த மூலையில் சேரும் இரண்டு மதில்களின் வெளிப்பக்கமும் நீளத்துக்குத் தெரியும். எதிர் மூலையில் நிற்பவனுக்கு மற்ற இரண்டும் தெரியும். சின்னக் கோட்டைக்கு இரண்டு கொத்தளம் போதும், ஆள்பலமும் மிச்சம். எனக்கு முப்பத்தெட்டு வயது, இதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன். ஒப்படையில் அவன் இப்போது கீறி வைத்திருக்கும் படம் அந்தச் சதுரமும் இரண்டு மூலையும்தான்.

துண்டுப்பிரசுரத்தில் இதை ஒல்லாந்தர் கட்டியது என்று அச்சடித்திருக்கிறார்கள். அது பிழை. கட்டியது போர்த்துக்கேயர், யாழ்ப்பாணப் பட்டினத்தைப் பிடித்த பிறகு தெற்கே வன்னியிலிருந்து வரும் வழியைக் காவல் செய்ய. ஒல்லாந்தர் அதை எடுத்துப் பெருப்பித்தார்கள், பிறகு ஆங்கிலேயர் காலத்தில் இங்கே தங்குமடம் ஒன்று இருந்தது. அண்ணை சரியாகச் சொன்னார், தாளில்தான் பிழை. பாடசாலைப் பிள்ளைகள் அந்தத் தாளைப் பார்த்து எழுதக்கூடும் என்பதால் உரிமையாளருக்குப் போன் எடுத்துச் சொன்னேன், அடுத்த முறை அச்சடிக்கும்போது திருத்துகிறோம் என்றார்.

கோட்டையடியில் ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். கோட்டைக்கு முந்திய கதையும் கொஞ்சம் வந்தது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இந்த வட்டாரத்தில் செய்த ஆய்வுகளில் மிகப் பழைய காலத்துக் கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்திருக்கின்றன, அதாவது போர்த்துக்கேயர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னமே இங்கே சனம் குடியிருந்திருக்கிறது. கௌதாரிமுனைப் பக்கம் மண்ணித்தலையில் சோழர் காலத்ததாக அடையாளம் கண்ட சிவன் கோயில் ஒன்றும் மணலுக்கு நடுவில் நிற்கிறது. அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டேன், டொல்பின் அந்த மணலுக்குள் புதையும் என்று மறுத்துவிட்டார். நியாயம்தான். ஆனால் உழவு இயந்திரம் ஒன்றை ஒழுங்கு பண்ணி அதைத் தனிப் பயணமாக வைத்தால் நான் முதல் ஆளாகப் போவேன்.

1993 நவம்பரில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையில் பூநகரியில் நடந்த சண்டையைப் பற்றி அண்ணை அதிகம் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒரு குறை மட்டும், பெண்கள் கழிப்பறைக்குப் போக ஓர் இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும். அக்கா சந்திக்கு வரும்வரை பொறுத்திருந்தாள், தெரிந்த வீடு ஒன்றைத் தட்டித்தான் போக வேண்டியிருந்தது. பெண்களையும் முதியவர்களையும் ஏற்றுகிற பயணத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

இரணைமடுவுக்கு வந்தபோது நேரம் ஓடத் தொடங்கிவிட்டது. இருபது நிமிடம்தான் நின்றோம். என்னைக் கேட்டால் வன்னியின் மிகப் பெரிய கட்டடம் கோட்டையோ கோயிலோ அல்ல, குளக்கட்டுத்தான். கட்டில் ஏறி நின்று ஒரு பக்கம் கண்ணுக்கெட்டும் தூரம்வரை தண்ணீரையும், மறுபக்கம் அதைவிடப் பள்ளத்தில் கிடக்கும் வயலையும் பார்த்தால் மண்ணைக் கொட்டி மனிதர் என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரியும். இரணை என்றால் இரட்டை, இரண்டு மடுக்களைச் சேர்த்துக் கட்டிய குளம், கனகராயன் ஆறு வந்து விழுகிறது, ஆங்கிலேயர் காலத்தில் கட்டி, பிறகு பல தடவை உயர்த்தியது. இங்கே யாரும் குளத்தைக் கன மீற்றரில் பேசமாட்டார்கள், அடியில்தான் பேசுவார்கள். முப்பத்தாறு அடி என்றால் குளம் நிறைவு. சிறுபோகத்துக்கு (மழையில்லாத காலத்து நெற்செய்கைக்கு) எத்தனை ஏக்கர் விதைப்பது என்று குளத்தில் மிச்சமிருக்கும் அடியைப் பார்த்துக் கூட்டம் வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். 2018 டிசம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழைக்குக் கதவுகள் திறந்து, கீழே ஊர்களுக்குள் வெள்ளம் வந்தது, அத்தானின் வயலும் போனது. அதையெல்லாம் மகனுக்குச் சொல்ல அத்தான் வாயெடுத்த நேரம் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். அந்த இடத்தில் எனக்கு மனம் சரியில்லை. பயணத்தின் பிழை அல்ல, அட்டவணையின் பிழை.

முறிகண்டியில் வழக்கம்போல. தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். ஏ9 வீதியால் போகிற எந்த வாகனமும் அந்தச் சின்னப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போகாது, இதற்குத் தனியாக விளக்கம் யாருக்கும் தேவைப்படாது.

மாங்குளத்தில் மதியச் சாப்பாடு. சாரதி வழக்கமாக நிறுத்தும் கடையாம். பத்து நிமிடம் என்றார்கள், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. மீன்குழம்பும் முருங்கைக்கீரையும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தை இரணைமடுவில் கொடுத்திருக்கலாம். நீங்கள் போனால் காலையிலேயே சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போங்கள், குளக்கட்டில் மரநிழலில் இருந்து சாப்பிடலாம்.

தாமதத்தின் பலன் ஒட்டுசுட்டானில் தெரிந்தது. தான்தோன்றீஸ்வரர் கோயில் வாசலுக்குப் போனபோது மத்தியானப் பூசை முடிந்து நடை சாத்தியாகிவிட்டது. மதிய நேரத்தில் கோயில் பூட்டியிருக்கும் என்பது தெரியாத ஆளா அண்ணை? உரிமையாளர் போட்ட ஒழுங்கைத்தான் அவர் பின்பற்றுகிறார். வெளிவீதியில் நின்று ஊர்ப்பெயரின் கதையைச் சொன்னார்: அறுவடை முடிந்து தாளின் ஒட்டுகளைக் கமக்காரன் சுட்டபோது ஒரு இடம் மட்டும் எரியவில்லையாம், அங்கே சிவலிங்கம் தானாகத் தோன்றியிருந்ததாம், ஒட்டுச் சுட்ட இடம் ஒட்டுசுட்டான் ஆனது. மருமகன் கமக்காரன் வீட்டுப் பிள்ளை, ஒட்டு என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்லத் தேவையில்லை, உடனே பிடித்துக்கொண்டான்.

அடுத்தது கற்சிலைமடு. இதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும்.

1803 ஓகஸ்ட் 25 அன்று வன்னி மன்னன் பண்டார வன்னியன், முல்லைத்தீவில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்த கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் ட்றிபேர்க்கின் படை கற்சிலைமடுவில் வைத்து அவனைத் தோற்கடித்தது. இவ்விடத்தில் கப்டன் வொன் ட்றிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தார் என்று திகதியோடு ஆங்கிலத்தில் வெட்டிய ஒரு கல்லால்தான் இந்த இடம் இத்தனை காலமும் அறியப்பட்டு வந்தது. வென்றவன் தன் வெற்றிக்கு வைத்த அடையாளம் அது. ஆனால் சனம் இங்கே வருவது தோற்றவனுக்கு மாலை போட. ட்றிபேர்க் யார் என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது, பண்டார வன்னியனின் பெயர் பிள்ளைகளுக்கும் தெரியும், வவுனியாவில் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் அவனுக்குச் சிலை நிற்கிறது.

இங்கே அண்ணை சொன்ன ஒன்றோடு நான் உடன்படவில்லை. பண்டார வன்னியன் இந்த இடத்தில்தான் அன்றைக்கு இறந்தான் என்றார். கல்லின் வாசகத்தில் தோற்கடித்தார் என்றுதான் இருக்கிறது, கொன்றார் என்று இல்லை. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அவன் காட்டுக்குள் இருந்து போராடினான் என்று எழுதியவர்களும் உண்டு. மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, "எங்கட அப்பு சொன்னதைத்தான் தம்பி நான் சொல்லுறன், நீங்கள் சொல்லுறதையும் சேர்த்துச் சொல்லுவன்" என்றார். இரண்டையும் எழுது, யார் சொன்னது என்று போட்டு எழுது என்று மருமகனிடம் சொன்னேன். அப்படியே எழுதியிருக்கிறான்.

இந்த இடத்திலும் பார்க்க அதிகம் எதுவும் இல்லை. பூநகரியில் நான் உணர்ந்ததேதான் இங்கேயும். வன்னியின் பழைய இடங்கள் தாமாகப் பேசாது. சீகிரியாபோல அண்ணாந்து பார்க்க ஒன்றும் இருக்காது. ஒரு கல், இடிந்த மதில், ஒரு மண்கட்டு, அவ்வளவுதான். பக்கத்தில் நின்று சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும், நிற்பதற்கு நேரமும் வேண்டும். நீங்கள் கொடுக்கும் 24,000 ரூபா வானுக்கும் ஏசிக்கும் அல்ல, அந்த ஆளுக்கும் நேரத்துக்கும்தான். ஆள் இவர்களிடம் இருக்கிறார். நேரத்தைத்தான் எட்டு இடத்துக்கும் பிய்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

வற்றாப்பளைக்கு மாலைப் பூசை நேரத்தில் போய்ச் சேர்ந்தோம், அது தற்செயலாக அமைந்த நல்ல விஷயம். நந்திக்கடல் பக்கமிருந்து காற்று, உள்ளே மணி. மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து தங்கிய இடங்களில் பத்தாவது இது, பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆனது என்று சொல்வார்கள். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைப் பார்க்க எங்கள் அம்மம்மா நடந்தே வந்தவர். அக்கா அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. பொங்கல் நாட்களில் இந்தப் பயணத்தை வைக்க வேண்டாம், அந்தச் சனத்துக்குள் எதையும் நின்று பார்க்க முடியாது, அப்போது கும்பிடுவதற்கென்றே தனியாகப் போங்கள்.

முல்லைத்தீவுக்குள் போனபோது இருட்டிவிட்டது. கோட்டை இருந்த இடம் அந்தப் பக்கம் என்று அண்ணை கையைக் காட்டினார், தெருவிளக்கின் வெளிச்சத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காலையிலிருந்து பண்டார வன்னியன் பிடித்த கோட்டை, பண்டார வன்னியன் பிடித்த கோட்டை என்று காத்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு முகம் சுருங்கிப்போனது. துண்டுப்பிரசுரத்தில் எட்டாவதாக அச்சடித்துக் காசு வாங்கிய இடம் அது. இதற்கு நான் முழுமனதோடு குறை சொல்கிறேன். உரிமையாளரிடமும் சொன்னேன். கொஞ்சக் காசு திருப்பித் தருகிறோம் என்றார். வேண்டாம், முல்லைத்தீவைத் தனி நாளாகப் போடுங்கள் என்றேன்.

திரும்பும்போது புதுக்குடியிருப்பு வழியாக வந்தோம். வட்டுவாகல் பாலத்தில் ஏறுமுன் அண்ணை பாட்டை நிறுத்தினார், வானை ஊர விட்டார். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், எங்கள் சனம் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு கடந்து வந்த பாலம். அக்கா அப்போது மருமகனின் அண்ணனை வயிற்றில் சுமந்துகொண்டு வந்தவள். இரண்டு பக்கமும் கறுப்பாகத் தண்ணீர், வானுக்குள் ஒரு சத்தம் இல்லை. பாலம் முடிந்த பிறகு மருமகன், "இது ஏன் அந்தப் பேப்பரில இல்லை?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவன் தானாகவே ஒப்படையில் ஒன்பதாவதாக அதைச் சேர்த்திருக்கிறான்.

சரி, போவதென்றால் எப்படிப் போகலாம்? எட்டு இடத்தையும் எடுக்காதீர்கள். பூநகரியும் இரணைமடுவும் ஒரு நாள், விடியப் போனால் மதியத்துக்குள் முடிக்கலாம், அரைநாள் காசுக்கு ஒத்துக்கொள்கிறார்கள், கேட்க வேண்டும். கற்சிலைமடு, ஒட்டுசுட்டான், வற்றாப்பளை, முல்லைத்தீவு இன்னொரு நாள், ஒட்டுசுட்டானில் காலைப் பூசை நேரத்துக்கு நிற்கிறமாதிரி. பூநகரியில் பிறந்த அந்த அண்ணைதான் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், அவர் இல்லாத நாளென்றால் நாளை மாற்றுங்கள். தண்ணீர், தொப்பி, வயதானவர்கள் வந்தால் மடக்குக் கதிரை ஒன்று.

மன்னார்க் கரையில் இருக்கும் அரிப்பு என்ற ஊர்ப் பக்கமும் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிட 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை அங்கே கடற்கரை மேட்டில் நிற்கிறது, சனம் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும். கடல் அரித்து அரித்து அதன் ஒரு பகுதி ஏற்கெனவே விழுந்துவிட்டது. மாரி முடிந்து தை பிறந்ததும் போகலாம் என்று உரிமையாளர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அரிப்பைத் தவிர வேறு ஓர் இடமும் அட்டவணையில் போடக் கூடாது என்று எழுதி வாங்கிவிட்டேன்.